பத்தொன்பது வயதும் முப்பத்திரண்டு வயதும்

2017-ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெங்களூரு ஸ்ரீகண்டீரவா விளையாட்டரங்கில் நடைபெற்ற ஆசியப் பெண்கள் கூடைப்பந்துக் கோப்பையின் இரண்டாம் பிரிவு இறுதிப் போட்டியில், இந்திய அணி கஜகஸ்தானை 75-க்கு 73 என்ற கணக்கில், அதாவது ஒரே ஒரு கூடையின் வித்தியாசத்தில், வென்று முதல் பிரிவுக்கு உயர்ந்தது. அந்த அணிக்குத் தலைமை வகித்தவர் சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை. அவருக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. ஒரு குழந்தைக்குத் தாய். இதே அனிதா பத்தொன்பதாவது வயதிலேயே இந்திய அணியின் தலைவியானார் என்பது அவரைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் முதல் வாக்கியத்திலேயே எழுதிவிடும் செய்தி. முப்பத்திரண்டாவது வயதில் அவர் செய்ததைச் சிலர் கடைசிப் பத்தியில் குறிப்பிடுகிறார்கள், சிலர் இடமில்லை என்று விட்டுவிடுகிறார்கள். இந்த வரிசை தலைகீழானது என்பது என் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்தைக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்து வாசகர்கள் முன்னிலையில் வைப்பதற்கு ஒரு விசேஷக் காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

அனிதா 1985-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிறந்தவர். அதே ஆண்டில், அதே மாதத்தில், கேரளத்திலே பிறந்தவர் கீத்து அன்னா ஜோஸ். இருவருக்கும் தென்னக ரயில்வே உத்தியோகம் கொடுத்தது. இருவரும் இந்திய அணியில் ஒன்றாக ஆடினார்கள். இந்த நூற்றாண்டில் நம் நாட்டுப் பெண்கள் கூடைப்பந்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் இவ்விருவர் பெயரையும் ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. ஆனால் இளமையிலேயே வெளிப்பட்ட திறமை என்று இவர்கள் விஷயத்தில் சொல்வது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். அனிதா சிறுமியாயிருந்தபோது ஓட்டப் பந்தயத்திலும் வாலிபாலிலும் ஈடுபட்டவர். பதினோரு வயதையொட்டித்தான் கூடைப்பந்துக்கு வந்தார். கீத்துவும் வாலிபாலிலிருந்து வந்தவர்தான். ஆக, பிற்காலத்தில் பிறவி மேதைகள் என்று நாம் கொண்டாடிய இரண்டு பேருமே ஆரம்பத்தில் வேறொரு ஆட்டத்தின் கோட்டுக்குள் நின்றுகொண்டிருந்தவர்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே நின்று, இந்தப் பெண்ணின் கை எவ்வளவு நீளம், எவ்வளவு உயரம் எழும்புகிறாள், தோற்ற மறுநாள் மைதானத்துக்கு வருகிறாளா மாட்டாளா என்றெல்லாம் கவனிக்கிற கண் ஒன்று இருந்தால்தான் திறமை என்பது பிறர் அறியும் பொருளாகிறது. அனிதாவுக்கு அந்தக் கண், சென்னை ரைசிங் ஸ்டார் கழகத்தின் பயிற்சியாளர் சம்பத்தின் உருவில் வாய்த்தது.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். காட்டுமன்னார்கோயில் பக்கத்திலே நிலம் வைத்திருப்பவரைக் கேட்டால் அந்தப் பழமொழி சொல்லாமல் விட்ட பாதியையும் அவர் சொல்லுவார்: முளை செழிப்பாயிருந்த வருஷத்திலேயே வீராணத்துத் தண்ணீர் கடைமடைக்கு வந்து சேராமல் கருகிய பயிரும் உண்டு, கதிர் பிடிக்கும் தறுவாயில் கொள்ளிடம் பெருகி அழுகிய பயிரும் உண்டு. முளையைப் பார்த்து மெச்சுவது வழிப்போக்கனுக்கும் கூடிய காரியம். பத்திரிகைகள் செய்வதும் பெரும்பாலும் அந்த வழிப்போக்கன் காரியத்தைத்தான். ஜில்லாப் போட்டியிலே கோப்பை வாங்கிய சிறுமியின் படத்தை ஒரு நாள் பிரசுரிக்கிறோம். அடுத்த வருஷம் அதே இடத்தில் வேறொரு சிறுமியின் படம் வருகிறது. முந்தின வருஷத்துப் பெண் இப்போது எங்கே ஆடுகிறாள், ஆடுகிறாளா இல்லையா என்று விசாரித்து எழுதும் வழக்கம் நம்மிடையே இல்லை.

இளமையில் எழுதப்படும் ஜாதகங்கள் எவ்வளவு பலிக்கும் என்பதற்கு இந்த ஆட்டம் பிறந்த தேசத்திலேயே இரண்டு எதிரெதிரான உதாரணங்கள் கிடைக்கின்றன. மைக்கேல் ஜோர்டன் 1978-ல் வில்மிங்டன் நகரத்துப் பள்ளியொன்றில் பத்தாம் வகுப்பு மாணவராயிருந்தபோது பள்ளியின் முதல் அணியில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவருடைய வயதினரில் அவரைவிட உயரமான மாணவன் ஒருவனுக்கு அந்த இடம் போயிற்று. நான்கே ஆண்டுகளில், 1982-ல், வட கரோலினா பல்கலைக்கழகத்துக்காகத் தேசிய இறுதிப் போட்டியின் கடைசி நிமிஷத்தில் வெற்றிக் கூடையைப் போட்டவர் அவர். லெப்ரான் ஜேம்ஸின் கதை இதற்கு நேர்மாறு. 2002-ல், பள்ளிப் படிப்பு முடியுமுன்னரே, அமெரிக்காவின் பிரக்கியாதி பெற்ற விளையாட்டுப் பத்திரிகையின் அட்டையில் அவர் படம் வந்துவிட்டது. மறு ஆண்டு, அமெரிக்கத் தொழில்முறைச் சங்கமான என்.பி.ஏ.-யில் தம்முடைய முதல் ஆட்டத்தில் 25 புள்ளிகள் எடுத்தார். இருபது ஆண்டுகள் கழித்து, 2023 பிப்ரவரியில், கரீம் அப்துல் ஜப்பார் சாதனையாகச் சேர்த்து வைத்திருந்த 38,387 புள்ளிகளைக் கடந்தார். ஒருவரை ஆரம்பத்தில் ஒதுக்கினார்கள், மற்றவரை ஆரம்பத்திலேயே சிம்மாசனத்தில் உட்காரவைத்தார்கள். இருவரும் சிகரத்தை அடைந்தார்கள். எனவே பதினாறு வயதில் கிடைக்கும் புறக்கணிப்பையும் நம்ப வேண்டியதில்லை, புகழையும் நம்ப வேண்டியதில்லை. நம் பள்ளிகளில் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, உயரமானவர்களை மட்டும் பிரித்தெடுத்து, மற்றவர்களை வகுப்புக்குத் திருப்பியனுப்பும் வழக்கத்தை விட்டுவிட ஜோர்டனுக்கு நேர்ந்த அந்த ஒரு சம்பவமே போதும் என்று நினைக்கிறேன்.

இனி, ஒரே நாளில் ஒருவரைச் சிரஞ்சீவியாக்கிவிடும் அபூர்வ ஆட்டங்களைப் பற்றி. 1962-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் தேதி, பென்சில்வேனியா மாநிலத்தில் சாக்லெட்டுக்குப் பேர்போன ஹெர்ஷி என்ற சிற்றூரில், வில்ட் சேம்பர்லின் என்ற என்.பி.ஏ. ஆட்டக்காரர் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளிகள் எடுத்தார். பார்த்தவர்கள் 4,124 பேர். தொலைக்காட்சியில் காட்டப்படாத ஆட்டம். அதற்குச் சலனப் படம் கிடையாது. ஃப்ரீ த்ரோ என்னும் தனி எறிதலில் வாழ்நாள் முழுவதும் திணறிய அந்த மனிதருக்கு அன்றைக்கு மட்டும் 32 எறிதல்களில் 28 கூடையில் விழுந்தன. எந்தப் பட்டியலை எடுத்தாலும் இந்த 100 என்ற எண்ணே முதலில் நிற்கிறது. எனக்கென்னவோ அதே பருவத்தைச் சேர்ந்த வேறு இரண்டு எண்களே பெரிதாகத் தோன்றுகின்றன. அந்தப் பருவம் முழுவதும் அவருடைய சராசரி, ஆட்டத்துக்கு 50.4 புள்ளிகள். ஆடுகளத்தில் அவர் நின்ற நேரத்தின் சராசரி, ஆட்டத்துக்கு நாற்பத்தெட்டரை நிமிஷம். என்.பி.ஏ.-யில் ஓர் ஆட்டத்துக்கு வகுக்கப்பட்ட நேரமோ நாற்பத்தெட்டே நிமிஷம்! சமநிலையில் முடிந்து நீண்ட ஆட்டங்களையும் சேர்த்துக் கணக்கிட்டால், அவர் அந்தப் பருவத்தில் ஏறக்குறைய ஒரு நிமிஷங்கூட வெளியே உட்காரவில்லை என்று ஆகிறது. ஹெர்ஷியில் நிகழ்ந்தது ஒரு ராத்திரியின் அதிர்ஷ்டமும் கலந்த அற்புதம். எண்பது ஆட்டங்களிலும் அநேகமாகக் களத்தைவிட்டு இறங்காமல் நின்றதற்கு அதிர்ஷ்டத்தைக் காரணம் சொல்ல வழியில்லை.

நம் தேசத்திலும் உதாரணங்களுக்குக் குறைவில்லை. பஞ்சாபில் பல்லோ கே என்ற கிராமத்தில் பிறந்த சத்னம் சிங், ஏழடிக்கு மேல் வளர்ந்தவர், பதினான்கு வயதில் அமெரிக்காவுக்குப் பயிற்சிக்கு அழைத்துச் செல்லப்பட்டார். 2015 ஜூன் மாதம் டல்லாஸ் மேவரிக்ஸ் அணி அவரை 52-ஆவது தெரிவாக எடுத்துக்கொண்டபோது, என்.பி.ஏ. அணியொன்றால் தெரிந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் என்று நாடு முழுவதும் ஆரவாரம் செய்தது. அந்த அணிக்காக அவர் ஒரு முறையான பருவ ஆட்டத்தில்கூட இறங்க நேரவில்லை. பின்னர் மல்யுத்தக் காட்சி அரங்குக்குப் போய்விட்டார். இதை அவரைக் குறை கூறுவதற்காகச் சொல்லவில்லை. ஒரு தனிமனிதனின் தோள்மீது கோடிக்கணக்கானவர்கள் தங்கள் ஆசையை ஏற்றிவிட்டு, அவனுக்கு முன்னும் பின்னும் படிக்கட்டு ஏதும் கட்டாமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்காகவே சொல்லுகிறேன். கீத்துவின் வாழ்க்கையிலும் அப்படியொரு கட்டம் வந்தது. ஆஸ்திரேலியாவில் ரிங்வுட் ஹாக்ஸ் கழகத்துக்காக ஆடிப் பெயர் பெற்ற அவர், 2011-ல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறைச் சங்கத்தைச் சேர்ந்த மூன்று அணிகளின் தேர்வுக்குச் சென்று, இடம் கிடைக்காமல் திரும்பினார். திரும்பி வந்தவரை ஏற்றுக்கொள்ள ரயில்வே அணி இருந்தது, ஆடுவதற்குத் தேசியப் போட்டிகள் இருந்தன, இந்திய அணியில் இடமும் இருந்தது. 2014-ல் அர்ஜுனா விருது அவரைத் தேடி வந்தது. சத்னத்துக்கும் கீத்துவுக்கும் உள்ள வித்தியாசம் திறமையில் இல்லை, திரும்பி வருவதற்கு ஓரிடம் இருந்ததா என்பதில் இருக்கிறது.

அனிதாவுக்கும் அந்த இடம் இருந்தது. ஆசியச் சாம்பியன்ஷிப்பில் அவர் ஒன்பது முறை ஆடினார். தேசியச் சாம்பியன்ஷிப்புகளில் அவர் பெற்ற பதக்கங்கள் 30. 2013-ல் தோஹா நகரில் மூவர் கூடைப்பந்தில் ஆசியத் தங்கம் வென்ற அணியிலும் அவர் இருந்தார். அர்ஜுனா விருது மட்டும் அவருக்குக் கைகூடவில்லை. அதைத் தாண்டி நேரே 2021-ல் பத்மஸ்ரீ வந்தது. விருதுகளைத் தீர்மானிக்கும் குழுக்களின் தர்க்கம் நம்மைப் போன்ற சாமானியர்களுக்கு எட்டாதது என்று ஒதுக்கிவிட்டு, இந்திய அணிக்காக அவர் ஆடிய பதினேழு பதினெட்டு வருஷங்களை மட்டும் எண்ணிப் பார்ப்போம். சர்வதேசக் கூடைப்பந்தில் காற்பகுதிக்குப் பத்து நிமிஷமாக நாற்பது நிமிஷம் ஆட்டம். பந்து கைக்கு வந்த இருபத்துநான்கு வினாடிக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும். ஆகவே நிற்க நேரமில்லாத ஓட்டம், திடீர் நிறுத்தம், குதிப்பு, மறுபடியும் ஓட்டம். முழங்காலையும் கணுக்காலையும் இவ்வளவு ஈவிரக்கமில்லாமல் சோதிக்கும் ஆட்டங்கள் சிலவே. அப்படிப்பட்ட ஆட்டத்தில், குழந்தை பெற்று, உடம்பைத் திரும்பவும் முதலிலிருந்து கட்டி எழுப்பி, முப்பது வயதைத் தாண்டிய நிலையில், தம்மைவிடப் பத்து வயது இளைய பெண்களோடு பயிற்சியில் ஓடி, அவர்களுக்குத் தலைமையும் தாங்கி, இரண்டே புள்ளி வித்தியாசத்தில் ஒரு கோப்பையை வாங்கிக்கொண்டு வருவதை, பத்தொன்பது வயதில் கிடைத்த பதவியோடு ஒப்பிடுவதுகூடப் பொருந்தாது. முந்தியது மற்றவர்கள் அவர்மேல் வைத்த நம்பிக்கை. பிந்தியது அவர் தாமே சம்பாதித்தது. நம் சமூகத்தில் கல்யாணத்தோடு கட்டிவைக்கப்படும் கேன்வாஸ் ஷூக்களின் எண்ணிக்கையை அறிந்தவர்களுக்கு இதன் மதிப்பு இன்னும் நன்றாக விளங்கும்.

இனி, முன்னரே சொன்ன விசேஷக் காரணத்துக்கு வருகிறேன். கூடைப்பந்து நம் பிரதேசத்துக்கு நேற்று வந்த விருந்தாளியன்று. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியர் பழக் கூடைகள் இரண்டை உயரத்தில் ஆணியடித்து மாட்டி, பதின்மூன்று விதிகளை எழுதி, இதைத் தொடங்கிவைத்தார். அதே பள்ளியிலே பயின்ற ஹாரி குரோ பக் சென்னைக்கு வந்து 1920-ல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். அங்கே படித்துத் தேறிய டிரில் மாஸ்டர்கள் ஜில்லாப் பள்ளிகளுக்குப் போனபோது கால்பந்தோடும் ஹாக்கியோடும் இந்த ஆட்டமும் கூடவே போயிற்று. 1929-ல் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் எழுப்பிய பல்கலைக்கழகம் உடற்கல்விப் பட்டங்களையும் வழங்கி வந்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகளில் விசிலும் கையுமாக நிற்கும் பி.டி. மாஸ்டர்களில் அங்கே படித்தவர்கள் அநேகர். கடலூரில் அண்ணா விளையாட்டரங்கம் இருக்கிறது. அரசாங்கம் நடத்தும் முதலமைச்சர் கோப்பைக்கான ஜில்லா ஆட்டங்கள் இருக்கின்றன. நெய்வேலியில் நாடறிந்த பொதுத்துறை நிறுவனம் ஒன்றின் தலைமையிடமே இருக்கிறது. விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 விழுக்காடு ஒதுக்கீடும் இருக்கிறது. சிதம்பரத்துக்காரர்களைப் பற்றி நான் வேடிக்கையாகச் சொல்வது ஒன்று உண்டு: பந்தைப் பிடித்து நின்றவன் ஒரு காலை ஊன்றிக்கொண்டு மறு காலைத் தூக்கித்தான் சுழலலாம், ஊன்றிய கால் நகர்ந்தால் தவறு என்ற கூடைப்பந்து விதியை, அம்பலத்தாடுவானை நாள்தோறும் தரிசிக்கிற ஊராருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதேயில்லை.

இவ்வளவு இருந்தும் இல்லாதது எது என்றால், பதினோரு வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் நடுவே உள்ள பாதை. பரங்கிப்பேட்டையிலோ புவனகிரியிலோ வாலிபால் ஆடும் உயரமான பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளைக் கண்டு, நீ கூடைப்பந்துக்கு வா என்று சொல்லுகிற கண் வேண்டும். வந்தபின், பொழுது சாய்வதற்குள் பஸ் பிடிக்க வேண்டுமே என்ற கவலையில்லாமல் அவள் ஆடுவதற்கு விளக்குப் போட்ட ஆடுகளம் வேண்டும். பத்தாம் வகுப்பு வந்ததும் மைதானத்தை விட்டுப் பெண்ணை டியூஷனுக்கு அனுப்பிவிடும் பெற்றோரிடம் போய், படிப்பும் கெடாது, இந்த ஆட்டத்தாலே ரயில்வேயிலோ வங்கியிலோ உத்தியோகமும் கிடைக்கும் என்று உதாரணத்தோடு பேசுவதற்கு ஊரிலேயே நிலைத்திருக்கும் ஒரு பயிற்சியாளர் வேண்டும். கூடுமானால் அவர் பெண்ணாயிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னைவிடப் பெரிய ஆட்டக்காரிகளை அவள் தன் ஊரிலேயே, கைக்கெட்டும் தூரத்தில், கண்ணாலே பார்க்க வேண்டும். டெலிவிஷனில் பார்ப்பது வேறு. ஆடுகளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, அவர்கள் மூச்சு வாங்குவதையும், தவறவிட்ட எறிதலுக்காகத் தலையில் அடித்துக்கொள்வதையும், அடுத்த நிமிஷமே ரீபவுண்டுக்குப் பாய்வதையும் பார்ப்பது வேறு.

இது நடவாத காரியம் என்று சொல்பவர்களுக்குத் தேனி மாவட்டத்துப் பெரியகுளத்தைக் காட்டுவேன். அது மாவட்டத் தலைநகரங்கூட அன்று. கடலூரைப்போலத் துறைமுகமோ சிதம்பரத்தைப்போலப் பல்கலைக்கழகமோ அங்கே கிடையாது. அந்த ஊரில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் என்ற கழகம் அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோடைகாலத்தில் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை நடத்திவருகிறது. ராணுவம், ரயில்வே, வங்கிகள் என்று தேசத்தின் பெரிய அணிகளெல்லாம் அந்தச் சிற்றூரைத் தேடிவந்து, ஊர் ஜனங்கள் சூழ்ந்து பார்க்க விளையாடிவிட்டுப் போகின்றன. பெரியகுளத்துப் பையனுக்குக் கூடைப்பந்து வீரன் என்றால் யார் என்பதைப் பத்திரிகை சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை இல்லை. அந்தப் போட்டியை நிலைநிறுத்தியது ஏதோ ஒரு வருஷத்து உற்சாகமன்று. தலைமுறை மாறியும் கைவிடாமல் வருஷந்தோறும் அதே காரியத்தைச் செய்த சிரத்தை.

ஆகவே என்னுடைய விண்ணப்பம் இது. கடலூர் மாநகராட்சியும், அண்ணாமலைப் பல்கலைக்கழகமும், நெய்வேலி நிறுவனமும், கடலூர், சிதம்பரம் வர்த்தகப் பெருமக்களும் கலந்து பேசி, பெண்களுக்கென்று ஓர் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியை, ஒரு வருஷம் கடலூரிலும் மறு வருஷம் சிதம்பரத்திலுமாக, ஆண்டுதோறும் நடத்த முன்வர வேண்டும். முதல் ஆண்டில் நான்கு அணிகள் வந்தால் போதும். கோப்பை வெள்ளியாயிருக்க வேண்டிய அவசியமில்லை. தென்னக ரயில்வே அணியை அழையுங்கள். அனிதா பால்துரையைத் தொடக்க விழாவுக்கு அழையுங்கள். பேசச் சொன்னால், பத்தொன்பது வயதில் தலைவியானதைப் பற்றி அல்ல, தாயான பிறகு முதல் நாள் பயிற்சிக்குத் திரும்பியதைப் பற்றிப் பேசச் சொல்லுங்கள். முன்வரிசை ஆசனங்களைப் பிரமுகர்களுக்கு ஒதுக்காமல், ஜில்லாப் பள்ளிகளில் வாலிபால் ஆடும் பெண்களுக்கு விட்டுக்கொடுங்கள்.